ஜீன்ஸ் சைஸ் தெரியும்... இடுப்பளவு தெரியுமா? - கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய 5 எண்கள்!

கல்லூரி மாணவர் ஒருவரிடம் ரோல் நம்பர் கேட்டால் உடனே சொல்வார். எத்தனை அரியர், இந்த மாதம் எவ்வளவு அட்டெண்டன்ஸ், நேற்றைய மேட்ச்சில் யார் எவ்வளவு ரன் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். 'உங்க பிபி எவ்வளவு?' என்று கேட்டுப்பாருங்கள். 'அதெல்லாம் எங்கப்பாவுக்குத்தாங்க பார்ப்பாங்க' என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும்.

ஆனால், அப்பாவுக்கு 48 வயதில் தெரியவந்த சர்க்கரைநோய் 48 வயதில் தொடங்கியதல்ல. பல வருடங்களுக்கு முன்பே, எந்த வலியும் தொந்தரவும் இல்லாமல் உடலுக்குள் அதற்கான வேலைகள் ஆரம்பித்திருக்கும். அப்போது யாரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கும் அதே கதை தொடர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பஸ், கேன்டீன், பரோட்டா...

திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலகுண்டு, ஒட்டன்சத்திரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து திண்டுக்கல் கல்லூரிகளுக்கு வரும் பலருக்கு, நாள் தொடங்குவதே பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டத்தில்தான். காலை டிபன் அங்கேயே அடிபட்டுவிடும். 11 மணி இடைவேளையில் டீயும் பப்ஸும். மதியம் டிபன் பாக்ஸ் நிறைய சோறு, ஓரத்தில் கொஞ்சம் பொரியல். மாலையில் பேக்கரி. ஹாஸ்டல்வாசி என்றால் இரவு பரோட்டா, சால்னா. பிறந்தநாள், ரிசல்ட், பிரேக்-அப் என எதற்கும் ட்ரீட் என்றால் சீரகச் சம்பா பிரியாணி. அதற்குமேல் குளிர்பானம்.

இதில் எந்த ஒன்றும் தனியாகக் குற்றவாளி அல்ல. மானாவாரிக் காட்டில் உழுது, தண்ணீர் இறைத்து, மூட்டை தூக்கிய தாத்தாவும் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டவர்தான். பேரனின் தட்டில் சோற்றின் அளவு அப்படியே இருக்கிறது. உழைப்பு மட்டும் காணாமல்போய், அந்த இடத்தில் பெஞ்சும் மொபைலும் வந்து உட்கார்ந்துவிட்டன.

அந்த ஐந்து எண்கள்

1988-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கூடுதல் சர்க்கரை, கெட்ட கொழுப்பு எல்லாம் தனித்தனியாக வருவதில்லை. பெரும்பாலும் கூட்டாளிகளாகவே வருகின்றன என்றார். அந்தக் கூட்டணிக்கு அவர் வைத்த பெயர் 'சிண்ட்ரோம் எக்ஸ்'. இன்று அதை 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள். தமிழில், வளர்சிதை மாற்றக் குறைபாடுகளின் கூட்டு என்று சொல்லலாம்.

உலக அளவில் ஏற்கப்பட்ட வரையறை எளிமையானது. கீழே உள்ள ஐந்தில் மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம்.

1. இடுப்பளவு: இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.

2. ரத்த அழுத்தம்: 130/85 அல்லது அதற்கு மேல். இரண்டு எண்களில் ஒன்று தாண்டினாலும் கணக்கில் வரும்.

3. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.

4. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு: 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.

5. ஹெச்.டி.எல் எனும் நல்ல கொழுப்பு: ஆண்களுக்கு 40 மி.கி-க்குக் கீழ், பெண்களுக்கு 50 மி.கி-க்குக் கீழ்.

இந்தக் கூட்டணி அமைந்துவிட்டால் இதயநோய்க்கான ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது. டைப் 2 சர்க்கரைநோய்க்கான ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. அதே நேரத்தில், இதுவே ஒரு முடிவான நோய் அல்ல. 'இந்த வழியில் போனால் அங்கேதான் போய்ச் சேருவாய்' என்று காட்டும் கைகாட்டிப் பலகை. 20 வயதில் அந்தப் பலகையைப் படித்துவிட்டால், வண்டியைத் திருப்ப நிறைய நேரம் இருக்கிறது.

துருப்பிடித்த பூட்டு

உடலுக்குள் என்ன நடக்கிறது? திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். செல்கள் பூட்டிய வீடுகள். ரத்தத்தில் வரும் சர்க்கரை உள்ளே போக வேண்டுமானால், கணையம் சுரக்கும் இன்சுலின் என்ற சாவி பூட்டைத் திறக்க வேண்டும். வயிற்றுப் பகுதியிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர, பூட்டில் துரு ஏறுகிறது. சாவி சரியாகத் திரும்பாது. கணையமோ விடாது; ஒரு சாவி வேலை செய்த இடத்தில் நான்கு சாவிகளை அனுப்பும். இதைத்தான் மருத்துவர்கள் 'இன்சுலின் எதிர்ப்பு நிலை' என்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் சர்க்கரைப் பரிசோதனை செய்தால் நார்மல் என்றே வரலாம். கணையம் ஓவர்டைம் பார்த்துச் சமாளித்துக்கொண்டிருப்பதால் வரும் நார்மல் அது. ஆனால், தொப்பையும் டிரைகிளிசரைடும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். வருடக்கணக்கில் ஓவர்டைம் பார்த்த கணையம் ஒருநாள் களைத்துப்போகும். அன்றுதான் ரிப்போர்ட்டில் 'சுகர்' வரும்.

'நான் எண்ணெய்ப் பலகாரமே சாப்பிட மாட்டேன், எனக்கு எப்படிக் கொழுப்பு?' என்று பலர் கேட்பதுண்டு. தேவைக்கு மேல் உள்ளே போகும் அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவற்றை கல்லீரல் கொழுப்பாக மாற்றித்தான் சேமிக்கிறது. டிரைகிளிசரைடு உயர்வதற்கு வடை மட்டுமல்ல, வெள்ளைச் சோறும் இனிப்பு டீயும்கூட காரணமாகலாம்.

'நான் ஒல்லிதானே!'

ஒல்லியாக இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இந்த இடத்தில் ஸ்க்ரோல் செய்துவிட வேண்டாம்.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றுதான்... 22.3. ஆனால், உடலில் இருந்த கொழுப்பின் அளவு லண்டன்காரருக்கு 9.1 சதவிகிதம், புனேக்காரருக்கு 21.2 சதவிகிதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்திய உடல்வாகின் இந்தத் தன்மையால்தான் நமக்கான இடுப்பளவு வரம்பும் பி.எம்.ஐ வரம்பும் மேற்கத்தியர்களைவிடக் குறைவாக வைக்கப்பட்டுள்ளன. அங்கே பி.எம்.ஐ 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை. நமக்கு 23-லேயே எச்சரிக்கை.

ஜீன்ஸ் சைஸை நம்பியும் ஏமாற வேண்டாம். பெரும்பாலானோர் ஜீன்ஸைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். 34 இன்ச் ஜீன்ஸ் போடுபவரின் உண்மையான இடுப்பளவு 37 இன்ச்கூட இருக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பை வைத்து அளப்பதுதான் சரியான முறை. வயிற்றை எக்கக் கூடாது!

டேப் இல்லையென்றால் ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடியுங்கள். மடித்த கயிறு இடுப்பைச் சுற்றி வந்துவிட்டால் நல்லது. எட்டவில்லை என்றால் கவனிக்க வேண்டும். 'அரைஞாண் கயிறு இறுக்குதுடா' என்று அந்தக் காலத்துப் பாட்டிகள் சொன்னதில் இருந்த அளவுகோலும் இதுதான்.

18 முதல் 30 வரை யார் பார்ப்பது?

ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் (INDIAB) பெயரில் அறியப்படும் தேசிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. 20 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்ட அந்த ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய். மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில், அதாவது 'ப்ரீ டயாபடீஸ்' நிலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சர்க்கரைநோய் உள்ளவர்கள் 14.4 சதவிகிதம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவிகிதமும் ஆண்களில் 37 சதவிகிதமும் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள்.

இவ்வளவு பெரிய பிரச்னையைக் கண்டுபிடிக்க அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து 18 வயது வரை அங்கன்வாடி, பள்ளி வழியாகப் பிள்ளைகளைப் பரிசோதிக்க ஒரு தேசியத் திட்டம் உண்டு. 30 வயதைத் தாண்டினால் பிபி, சுகர் பார்க்கத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டம் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால், அந்த ஊழியர் வீட்டுக்கு வரும் நேரத்தில் கல்லூரிப் பிள்ளை பெரும்பாலும் வகுப்பில் இருக்கும்.

ஆக, பள்ளியை விட்டுப்போன நாளிலிருந்து 30 வயது வரை நடுவே ஒரு பெரிய இடைவெளி. முதன்முறையாகச் சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் சாப்பிட ஆரம்பிக்கும் வயது அது. தூக்கம் கெட ஆரம்பிக்கும் வயதும், விளையாட்டுப் பீரியட் காணாமல் போகும் வயதும் அதுதான். அந்த வயதில் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூட்டமாகக் கிடைப்பது கல்லூரியில் மட்டும்தான்.

ஆத்தூர் வட்டாரம் சொல்லிக்கொடுத்த பாடம்

சுகாதாரக் கல்வி திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. மதுரை போகும் சாலையில் சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் டி.எஸ்.சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனம் 1956-ல் அங்கே உருவானது.

அதே மண்ணில், ஆத்தூர் வட்டாரத்தில் 1959-ல் ஒரு முன்னோடி சுகாதாரத் திட்டம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1964-ல் கிராமிய சுகாதாரத்துக்கும் குடும்பநலத்துக்குமான தனி நிறுவனமே எழுந்தது. குடும்பக் கட்டுப்பாடு என்ற வார்த்தையைச் சொல்லவே கூச்சப்பட்ட காலம் அது. வெளியூர் அதிகாரி மைக்கைப் பிடித்துப் பேசினால் ஊர் கேட்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால், ஊர் நம்பும் ஆட்களைக் கண்டுபிடித்து, அவர்கள் வாயிலாகவே விஷயத்தைக் கொண்டுசென்றார்கள். நாடு முழுவதும் பேசப்பட்ட அனுபவமாக அது மாறியது.

அந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும். கல்லூரி ஆடிட்டோரியத்தில் வருடத்துக்கு ஒருநாள் 'ஆரோக்கிய வாழ்வு' கருத்தரங்கு, பவர்பாயின்ட், பொன்னாடை, குரூப் போட்டோ. மறுநாள் கேன்டீனில் அதே பப்ஸ். ஒரு மாணவர் தன் வகுப்புத் தோழன் சொன்னால் கேட்பார். சீனியர் அக்கா சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார். கருத்தரங்கு செய்ய முடியாததை அவர்களால் செய்ய முடியும்.

ஒரு மெசேஜ் என்ன செய்துவிடும்?

திரும்பத் திரும்ப நினைவுபடுத்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஆதாரம் இருக்கிறது. சென்னை மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரைநோயின் வாசலில் இருந்த 35 முதல் 55 வயது வரையிலான 537 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. எல்லோருக்கும் ஆரம்பத்தில் உணவு, உடற்பயிற்சி பற்றி ஆலோசனை தரப்பட்டது. அவர்களில் ஒரு பாதிக்கு மட்டும் மொபைலில் தொடர்ந்து எஸ்.எம்.எஸ் அனுப்பினார்கள். இரண்டு வருட முடிவில், மெசேஜ் போகாத பிரிவில் 27 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரைநோய் வந்திருந்தது. மெசேஜ் போன பிரிவில் 18 சதவிகிதம்தான்.

இருவருக்கும் இருந்த வேறுபாடு, மாத்திரையோ ஊசியோ அல்ல. வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாத குறுஞ்செய்தி!

ஆய்வில் பங்கேற்றவர்கள் மாணவர்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால், 'ஒருமுறை சொன்னால் போதாது, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்' என்ற பாடம் எல்லா வயதுக்கும் பொது. மொபைலைக் கையிலிருந்து இறக்காத தலைமுறைக்கு இது இன்னும் சுலபம்.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

* முதல் செமஸ்டரிலேயே ஒரு அளவீடு: இடுப்பளவு, எடை, உயரம், பிபி. இதற்குத் தேவை ஒரு டேப், ஒரு எடை மெஷின், ஒரு பிபி மெஷின். வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்தால் போதும்.

* திரை மறைவில் அளக்க வேண்டும். எண்களைச் சத்தமாக வாசிப்பது, வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, 'குண்டு' என்று கிண்டல் செய்வது... இதில் எது நடந்தாலும் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

* வரம்பைத் தாண்டியவர்களை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். பிபி, சுகர் பரிசோதனை அங்கே இலவசம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் திண்டுக்கல்லில் இருக்கிறது.

* என்.எஸ்.எஸ் மாணவர்களில் வகுப்புக்கு இருவருக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்துக்கு இரண்டு மெசேஜ் அனுப்பச் சொல்லலாம்.

* கேன்டீனில் சுண்டல், அவித்த முட்டை, மோர், பழம் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட்டைத் தவிர்க்கும்படி பல்கலைக்கழக மானியக்குழு 2016-லும் 2018-லும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை நோட்டீஸ் போர்டிலிருந்து கேன்டீன் அலமாரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

* மைதானத்தைப் பூட்டி வைக்காமல், டீமில் இல்லாதவர்களுக்கும் மாலையில் திறந்துவிட வேண்டும். குறிப்பாக, மாணவிகளுக்கென்று தனி நேரம்.

பிரியாணியை விடச் சொல்லவில்லை!

திண்டுக்கல்காரர்களிடம் பிரியாணியை விடச் சொன்னால் நடக்குமா? தேவையும் இல்லை. எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, கூட என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆளுக்கொரு பிளேட் என்பதை இருவருக்கு ஒன்று என்றாக்கி, முட்டையும் தயிர் வெங்காயமும் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர்.

சர்க்கரைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன். 30 கிராமைத் தாண்டிவிடும். 250 மில்லி குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 25 கிராம் இருக்கும். கேக், பிஸ்கட் இன்னும் கணக்கில் வரவில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஆப்பிளும் அவகாடோவும் தேவையில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறிகள், முருங்கைக்கீரை, ஆயக்குடி கொய்யா போதும். மதிய டிபன் பாக்ஸில் சோற்றையும் பொரியலையும் இடம் மாற்றி வைத்தால் பாதி வேலை முடிந்தது. காலையில் நேரமில்லை என்றால், கம்மங்கூழோ இரண்டு அவித்த முட்டையோ பஸ் ஏறுவதற்கு முன் சாப்பிட்டுவிடலாம்.

நடையும் அப்படித்தான். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது, ஐந்து நாள்களுக்கு அரை மணி நேரம். ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தால் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், 150 நிமிட உடற்பயிற்சியும் 7 சதவிகித எடைக் குறைப்பும் இலக்காகக்கொண்ட பிரிவில், சர்க்கரைநோய் வருவது 58 சதவிகிதம் குறைந்தது. 75 கிலோ எடை உள்ளவருக்கு 7 சதவிகிதம் என்பது வெறும் ஐந்தேகால் கிலோ.

இதற்காகப் பட்டினி கிடப்பதும், ஆன்லைனில் வரும் எடைக்குறைப்புப் பவுடரை வாங்குவதும் ஆபத்து. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை இருக்கிறது. சாப்பாட்டைக் குறைக்கிறேன் என்று சத்தைக் குறைத்துவிடக் கூடாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மகனின் பின்கழுத்திலோ அக்குளிலோ தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் போல இருக்கிறதா? 'ஒழுங்கா தேய்ச்சுக் குளிடா' என்று திட்டுவதற்கு முன் யோசியுங்கள். அது அழுக்காக இல்லாமல், இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம். மகளுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது போன்றவை பி.சி.ஓ.டி-யின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் மெட்டபாலிக் சிண்ட்ரோமுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 'கல்யாணமானா சரியாயிடும்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரைநோயோ, இளம் வயதிலேயே மாரடைப்போ வந்திருந்தால், பிள்ளைக்கு அதை மறைக்காமல் சொல்லுங்கள். 'படிக்கிற பிள்ளையைப் பயமுறுத்துவானேன்' என்று பல வீடுகளில் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டின் நோய் வரலாறு தெரிந்த பிள்ளைதான், தன் எண்களைத் தெரிந்துகொள்ள முன்வரும்.

அடுத்த முறை அப்பாவுக்கு சுகர் டெஸ்ட் எடுக்கப் போகும்போது, கூடவே மகனும் மகளும் வெறும் வயிற்றோடு போகட்டும். ஒரே லேப், ஒரே காலைப் பொழுது. ரிப்போர்ட் வந்ததும் மூவரும் உட்கார்ந்து எண்களைப் படித்துப் பாருங்கள். யாருக்கு எது கூடியிருந்தாலும், மாற வேண்டியது வீட்டின் ஒரே அடுப்புதான்!